எண்ணெய் தெறிக்காத இடம்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அருவியில் குளிக்க வருகிறவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் குப்புறப் படுப்பார்கள். உச்சந்தலையில் தொடங்கிக் குதிகால் வரை தேய்த்து, தட்டி, நெட்டி எடுத்து அனுப்புவேன். அவர்கள் அப்படியே போய் அருவியில் நிற்பார்கள்.

இந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஆள் குப்புறப் படுத்திருப்பதால் முகம் பார்த்துப் பேசவேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தும் எழுந்து நின்றுகொண்டே இருப்பேன். தெரியாதவன் என்று நினைத்து அடி விழும். அதையும் வாங்கிக்கொண்டு உட்காருவேன். பத்தாவதோடு படிப்பு நின்றது.

என் மனைவி எனக்கு நேர் எதிர். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு அண்ணாச்சி வைத்திருக்கும் கடையில் பஜ்ஜியும் நேந்திரம் சிப்ஸும் போடுகிறாள். எதிரே வேன் வந்து நிற்பதற்குள், "வாங்க சாமி, சூடா மொளகா பஜ்ஜி" என்று அவள் குரல் போய் வேனுக்குள் உட்கார்ந்துவிடும். நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பேசுகிறாள் என்று அண்ணாச்சி சொல்வார்.

அவளுக்கு என்னிடம் ஒரு குறை இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதைச் சொல்லிவிடுவாள்.

"ஊர்ல இருக்க தடியன் முதுகெல்லாம் தேய்ச்சுட்டு வாரீய. கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நா, ஒரே ஒரு நா, ஒரு சொட்டு எண்ணெ வச்சு விட்டிருக்கீயளா?"

நான் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்ப்பேன். ஒருநாள் மட்டும் எப்படியோ வாய் வந்து, "நீதான் நாள்பூரா எண்ணெச் சட்டி முன்னாலயே நிக்கியே, அது போதாதா?" என்று சொல்லிவிட்டேன். நான் ஜோக் சொன்ன அதிசயத்தை அவள் மறுநாள் அந்த வரிசைக் கடைகள் அத்தனையிலும் போய்ச் சொன்னாள். ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சுற்று வழியாக வேலைக்குப் போனேன்.

ஆனால் அதில் உண்மை இருந்தது. அவள் வலது கையைப் பார்த்தால் தெரியும். விரலிலிருந்து முழங்கை வரை பொட்டுப் பொட்டாகக் கருப்பு. சில ஆறினது, சில புதுசு. ஈரமான வாழைக்காய்ச் சீவலை எண்ணெயில் போடும்போது தெறிக்கும். தெறித்ததும், "அய்யய்யோ சுட்டுட்டு" என்று அவள் போடும் சத்தத்தில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் சுண்ணாம்பும் தேங்காய் எண்ணெயும் குழைத்து வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் எடுத்து அப்பிக்கொண்டு அடுத்த சட்டியைப் பார்ப்பாள். அந்த வரிசையில் சட்டி முன்னால் நிற்கிற எல்லாருக்கும் இதுதான் வைத்தியம். எல்லார் கையிலும் அங்கங்கே வெள்ளை அப்பியிருக்கும்.

அந்தக் கார்த்திகையில் கூட்டம் அதிகம். சபரிமலைக்குப் போகிற சாமிமார் வேன் வேனாக வந்து குளித்துவிட்டுப் போவார்கள். மழை விட்டு வெயில் வந்த நேரம். கடைகளுக்குப் பின்னால் மலையடிவாரப் புதர் இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் இரண்டு ஆடுகள் உண்டு. என் மனைவி கடையை விட்டுக் கிளம்பும்போது அந்தப் புதர் ஓரத்தில் புல்லும் குழையும் அறுத்துக் கட்டிக்கொண்டுதான் வருவாள். வலது கையில் தூக்குவாளி இருக்கும். அதனால் புல்லுக்கட்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். பஸ்ஸில் கண்டக்டர், "ஏ தாயி, அதுக்கு ஒரு டிக்கெட் எடு" என்பார். "அது உம்ம மாமியாருக்குத்தான் கொண்டு போறேன்" என்பாள் இவள். பஸ்ஸே சிரிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

காய்ச்சல் வந்தபோது முதல் இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு சட்டி முன்னால் நின்றாள். "சாமிமார் வார நேரத்துல படுத்தா அண்ணாச்சி பாவம்லா" என்றாள். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். டைபாய்டாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். தலையைப் பிளக்கிறது என்று துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ஆறாம் நாள் இருமல் வந்தது.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்கு உண்மையாகப் பயம் வந்தது அவள் பேசாமல் ஆனபோதுதான். ஏழாம் நாள் காலையில் ஆடு இரண்டும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டன. அந்த வீட்டு அம்மா சத்தம் போட்டாள். மற்ற நாளாக இருந்தால் என் மனைவி அதற்கு மூன்று மடங்கு சத்தம் போட்டிருப்பாள். அன்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நான் உடனே ஆட்டோ பிடித்தேன்.

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கேள்வி மேல் கேள்வி கேட்டார். வாந்தி உண்டா, சிறுநீர் சரியாகப் போகிறதா, எத்தனை நாளாக மூச்சு இப்படி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நான் தலையை ஆட்டினேன். பிறகு என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, உடம்புல எங்கயாவது புண்ணு இருக்கா? சிகரெட்டால சுட்ட மாதிரி, கருப்பா, பொருக்குத் தட்டி?"

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அந்த நிலையிலும் ஒரு சிரிப்பு வந்தது. "சுட்ட புண்ணா? என் ஒடம்புல அதுக்கா பஞ்சம், டாக்டரம்மா. எண்ணெச் சட்டி உத்தியோகம். பூரா தெறிச்சதுதான்."

டாக்டர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு பொட்டாகத் தொட்டு, "இது? இது?" என்று கேட்டார். "எண்ணெ… எண்ணெ…" என்றாள் இவள். "வேற எங்கயும்?" "வேற இல்ல." நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவை எண்ணெய் சுட்டவைதான் என்று எனக்கும் தெரியும். எனவே வழக்கம்போலச் சும்மா நின்றேன். ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கிளினிக்கில் போட்ட மருந்தையே இன்னும் கூட்டிப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் மூச்சு இன்னும் மோசமானது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மத்தியானம் வரைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா திருநெல்வேலிக்கு அனுப்பிரணும். போற வழியில ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. அதையும் உங்ககிட்ட சொல்லணும்ல?"

நான் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. நல்லாயிருந்தபோது அவள் பேசியதையே இத்தனை வருஷம் பாதி காதில்தான் வாங்கியிருக்கிறேன். இப்போது அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் ஒரு கிண்ணம் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தார். "காய்ச்சல் நூத்தி நாலு இருக்கு. உடம்பு பூரா ஈரத்துணியால துடைக்கணும். பொம்பளையாள் யாரு கூட இருக்கா?"

யாரும் இல்லை. மகள் சங்கரன்கோவிலில் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவளிடம் அம்மாவுக்கு லேசான காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"அப்ப நீங்கதான் துடைக்கணும். எனக்கு இன்னும் ஆறு பேர் இருக்காங்க" என்று கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு கட்டில் இருக்கும் அந்த வார்டில். எல்லாம் பெண்கள். எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நான் துண்டை நனைப்பதும் பிழிவதுமாக நின்றுகொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு செங்கோட்டைக்கார அம்மா, மாமியாருக்குத் துணையாக இருந்தாள். புனலூரில் பிறந்தவளாம். பேச்சில் பாதி மலையாளம் இழையும்.

"எந்தா அண்ணாச்சி, துண்டுக்குக் குளிப்பாட்டுதியளா, பொண்டாட்டிக்கா?" என்றாள்.

நான் துண்டை மறுபடி நனைத்தேன்.

"என்ன சோலி பாக்கீய நீங்க?"

"எண்ணெ தேய்க்கது" என்றேன். "குத்தாலத்துல."

அவள் சிரிப்பு வார்டு முழுக்கக் கேட்டது. படுத்திருந்த மாமியாரும் சிரித்தாள். "எண்ணெ தேய்க்க ஆளுக்கா இந்த நாணம்! இங்கன வாங்க. நான் மறைக்கேன். நீங்க துடையுங்க." மாமியாரின் சேலை ஒன்றை எடுத்து, இரண்டு கையையும் விரித்துக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் திரைபோலப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள். "சீக்கிரம் ஆகட்டு. கை கடுக்கும், கேட்டோ."

நான் துடைக்கத் தொடங்கினேன். நெற்றி, கழுத்து, தோள். உடம்பு கொதித்தது. கொஞ்ச நேரத்தில் கை தானாக வேலைக்குள் போய்விட்டது. இருபது வருஷமாகச் செய்கிற வேலை. தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து மறுபடி கக்கத்துக்கு. வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தேன். கக்கத்தில் துண்டு போனபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

நெறி கட்டியிருந்தது. நெல்லிக்காய் அளவில் ஒன்று, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

எங்கள் தொழிலில் நெறியைத் தெரியாமல் இருக்க முடியாது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் காலில் எங்கேயோ புண் இருக்கும். கக்கத்தில் கட்டியிருந்தால் அந்தக் கையில் இருக்கும். அந்த இடத்தை அழுத்தமாட்டோம். ஆளிடம், "கால்ல முள்ளு ஏதும் குத்திச்சா?" என்று கேட்போம். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள்.

நான் அவளுடைய இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் விரலாகப் பார்த்தேன். இடது கையில் என்றைக்கோ பட்டு வெளுத்துப்போன இரண்டு தழும்பு தவிர ஒன்றுமில்லை. அவள் பஜ்ஜி போடுவதும் திருப்புவதும் வலது கையால். தெறிப்பதெல்லாம் வலது கையில். வலது கக்கத்தில் நெறி கட்டியிருந்தால் நானே எண்ணெய் என்று விட்டிருப்பேன். ஒரு புண்ணும் இல்லாத கைக்கு நெறி எதற்குக் கட்டவேண்டும்?

ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்தேன். இடது விலாவில், கக்கத்துக்கு நாலு விரல் கீழே, ஒரு வெள்ளைப் பூச்சு. காய்ந்துபோன சுண்ணாம்பு. நனைந்த துண்டால் துடைத்தேன். வெள்ளை போனதும் கீழே கருப்பாகத் தெரிந்தது. துவரம்பருப்பு அளவு ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பாக ஒரு வட்டம். நிஜமாகவே சிகரெட்டால் சுட்டதுபோல இருந்தது.

"இந்தா" என்றேன். அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா, இது என்னது?"

கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "எண்ணெ தெறிச்சிருக்கும். குளிக்கும்போது கையில தட்டுச்சு. சுண்ணாம்பு வச்சேன்."

"எப்பத் தெறிச்சுது?"

"தெரியல."

"சுட்டுச்சா? எரிஞ்சுதா?"

"இல்ல."

எண்ணெய் பட்டால் அடுத்த கடை வரை கேட்கக் கத்துகிறவள். தெரியவில்லை என்கிறாள். அதுவும், சட்டி முன்னால் நிற்கும்போது ரவிக்கைக்கு மேலே சேலை, சேலைக்கு மேலே ஒரு துண்டு. அத்தனையையும் ஓட்டை போடாமல் எண்ணெய் எப்படி உள்ளே போய் விலாவைச் சுடும்? தெறிக்கவே முடியாத இடம் அது.

"முடிஞ்சுதா அண்ணாச்சி?" என்றாள் சேலைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து செங்கோட்டைக்கார அம்மா.

"ஒரு புண்ணு இருக்கு" என்றேன்.

"அதுக்கு எங்கிட்டச் சொன்னா? டாக்டர்ட்ட ஓடுங்க!"

டாக்டர் வார்டின் அந்தக் கோடியில் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். என் மனைவியைத் திருநெல்வேலிக்கு அனுப்புகிற கடிதம்தான் அது என்று நர்ஸ் சொன்னார். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு சீட்டை நீட்டிக்கொண்டு ஏதோ கேட்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். ஒருவர் கேட்டு முடித்தால் அடுத்தவர் முந்திக்கொண்டார். என் முறை என்று ஒன்று வரவே இல்லை. என்ன சொல்லவேண்டும் என்று மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மறுபடி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் எழுந்து நிற்பதுபோல இருந்தது. பதில் தெரியும். வாய் திறக்கவில்லை.

டாக்டர் கடிதத்தை மடித்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"டாக்டரம்மா!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வார்டு அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் திரும்பினார்.

"புண்ணு இருக்கு. நேத்து நீங்க கேட்டீயல்லா. எண்ணெ தெறிக்காத எடத்துல இருக்கு. கக்கத்துல நெறியும் கட்டியிருக்கு."

டாக்டர் வேகமாக வந்தார். செல்போன் லைட்டை அடித்துக் குனிந்து பார்த்தார். கக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, "சிஸ்டர், டாக்சிசைக்ளின் எடுங்க. இப்பவே. ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றார். இன்னொரு மருந்தைக் குழாய் வழியாக ஏற்றவும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இதைத்தான் நேத்து தேடினேன். கையைப் பாத்துட்டு ஏமாந்துட்டேன். நானே முழுசாப் பாத்திருக்கணும்" என்றார்.

"எங்களுக்கும் எண்ணெதான்னு தோணுச்சு" என்றேன்.

அது உண்ணிக் காய்ச்சல் என்றார். ஸ்க்ரப் டைபஸ் என்று ஆங்கிலப் பெயரும் சொன்னார். ரொம்பப் பழைய நோயாம். நடுவில் கொஞ்ச காலம் டாக்டர்களே மறந்திருந்தார்களாம். இப்போது மழை முடிந்து குளிர் வரும் மாதங்களில் மறுபடி நிறையப் பார்க்கிறார்களாம்.

"உண்ணியா? ஆட்டு உண்ணியா?" என்றேன். வீட்டில் கட்டியிருக்கிற இரண்டும் கண் முன்னால் வந்தன.

"ஆட்டு உண்ணி இல்ல. இது வேற. புதர்லயும் புல்லுலயும் இருக்கற ஒரு பூச்சியோட குஞ்சு. கண்ணுக்கே தெரியாது. எலிகள் மேலயும் ஒட்டிக்கும். மனுசங்க புதர்ல உரசினா ஏறிக்கும். துணி இறுக்கமா இருக்கற இடம், கக்கம், இடுப்பு, இப்படி மறைவாப் பாத்துக் கடிக்கும். கடிச்சது தெரியாது, வலிக்காது. இவங்க புல்லு அறுப்பாங்களா?"

நான் என் இடது கையை மடக்கி, கக்கத்தில் புல்லுக்கட்டை இடுக்குவதுபோலக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பொழச்சுக்கிடுவாளா?" என்று கேட்டேன்.

"மருந்து விலை உசந்ததெல்லாம் இல்ல, சாதாரண மாத்திரைதான். ஆனா நாள் ஆகிப்போச்சு. நுரையீரல்ல கொஞ்சம் இறங்கிருச்சு. இன்னும் ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுட்டா பயம் இல்ல. திருநெல்வேலிக்கு அனுப்பறத சாயங்காலம் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

கடிதம் நர்ஸின் மேசையில் ஒரு பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. நான் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தேன். சாயங்காலம் மூச்சு இன்னும் மோசமாகவில்லை. குறையவும் இல்லை. "இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். அடுத்த நாள் காலையில் நூற்று மூன்று. மத்தியானம் நூற்று இரண்டு. நர்ஸ் தெர்மாமீட்டரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் செங்கோட்டைக்கார அம்மாதான் முந்திக்கொண்டு, "எத்தறை இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு அதுவும் உதவியாக இருந்தது. நான் காதை மட்டும் கொடுத்தால் போதும்.

அன்று கடைக்கார அண்ணாச்சி வந்தார். வார்டு வாசலைத் தாண்டி வரவில்லை. மூக்கில் துண்டைப் பிடித்துக்கொண்டு, "இது ஒட்டுமால?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "மனுசருக்கு மனுசர் ஒட்டாது, அண்ணாச்சி. புதருலேந்துதான் வரும்" என்றேன். நான் ஒருவருக்கு விளக்கம் சொல்வது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கவேண்டும். துண்டை எடுத்துவிட்டார். பிறகு கட்டில் பக்கம் வந்தார். ஆடுகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. புல்லுக்குப் போகப்போய்த்தானே இப்படி ஆனது என்று எனக்கு இரண்டின் மேலும் கோபம். "ரெண்டையும் வித்துருங்க அண்ணாச்சி. யார் கேட்டாலும் குடுத்துருங்க" என்றேன்.

"வித்துப் பாருங்க."

கட்டிலிலிருந்து வந்தது குரல். மெலிந்திருந்தது. ஆனால் அவள் குரல்தான். கண் திறந்திருந்தாள்.

"என்ன சொன்னீய? என்னக் கேக்காம ஆட்ட விப்பீயளோ? நான் செத்தா போயிட்டேன்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது செங்கோட்டைக்கார அம்மா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சேலைத் திரை பிடித்தது, நான் துண்டைக் குளிப்பாட்டியது, "டாக்டரம்மா" என்று கத்தியது. என் குரலை அவள் செய்துகாட்டியதைப் பார்த்து அந்தக் கோடிவரை சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போது நெற்றி ஜில்லென்று இருந்தது. அன்றுதான் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. உண்ணிக் காய்ச்சல்தான் என்று அதிலும் போட்டிருந்தது. டாக்டர் நர்ஸின் மேசையில் இருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துப் போட்டார். "சாப்பிட்டுட்டு நிறையத் தண்ணி குடிச்சு மாத்திரை போடணும், உடனே படுக்கக்கூடாது" என்று என்னிடம் சொன்னார். "சரி டாக்டர்" என்று வாயைத் திறந்தே சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளிடம் முழுக்கச் சொன்னோம். அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். "அவரத் திட்டாதட்டி" என்றாள் என் மனைவி. "ஒங்கப்பா எனக்கு வைத்தியம் பாத்த மனுசன்." அதற்குப் பிறகு ஐந்தருவி வரிசையில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர்களால் முடியாததை எண்ணெய்க்காரர் தடவியே கண்டுபிடித்தார் என்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர் முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டார். நாங்கள்தான் எங்களுக்குப் பழகிய பதிலைச் சொன்னோம். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். சுட்ட புண் என்று நினைத்துச் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு அந்த வரிசையில் இன்னும் யாராவது இருக்கலாம். வலிக்காத கருப்புப் பொருக்கும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், எந்த இடத்தில் இருந்தாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டவேண்டும்.

சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்து கடைகளுக்குப் பின்னால் இருந்த புதரை வெட்டினார்கள். ஆடுகளை விற்கவில்லை. இப்போது குழையை நான் அறுக்கிறேன். முழுக்கைச் சட்டை, காலை மூடிய வேட்டி. குழைக்கட்டைக் கக்கத்தில் இடுக்காமல் கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டு வருகிறேன். வந்ததும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது அவள் சட்டம். துணியை வெந்நீரில் போடுவாள்.

தொழிலிலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆள் படுத்ததும் கை போகும் இடமெல்லாம் கண்ணும் போகிறது. போன மாதம் மலை இறங்கி வந்த ஒரு குருசாமிக்கு இடுப்பில் கருப்பாக ஒன்றைப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டேன். "சாமி, இது எத்தன நாளா இருக்கு? காச்சல் ஏதும் உண்டா?"

"ஏன்யா? பொறந்ததுலேந்து இருக்கு. மச்சம்" என்றார். அவருடைய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்று நான் சுற்று வழியாகப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போய் அவளிடம் நானே சொன்னேன். சட்டியில் கிடந்த பஜ்ஜியைத் திருப்பாமல் சிரித்தாள். ஒரு ஈடு கருகிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வெயில் ஏறின நேரத்தில் கொல்லையில் ஒரு பலகை போடுகிறேன். வாடிக்கையாளருக்கு வைக்கிற எண்ணெய் இல்லை, தனியாகக் காய்ச்சியது. தலையில் வைத்து, தோளில் தேய்த்து, கையைத் தூக்கச் சொல்லிக் கக்கத்தில் பார்க்கிறேன். நெறி ஒன்றும் இல்லை. விலாவில் அந்த இடத்தில் ஒரு வெளுத்த வட்டம் மட்டும் இருக்கிறது. விரல் அங்கே போகும்போது கொஞ்சம் மெதுவாகப் போகும்.

"என்ன, அங்கனயே நிக்கீய?" என்பாள். "அதான் ஆறிப்போச்சுல்லா. முதுகத் தேய்யுங்க. அந்தத் தடியங்களுக்கு மட்டும் நல்லா தட்டித் தட்டித் தேய்க்கீய."

நான் தட்டித் தட்டித் தேய்க்கிறேன். அவள் ஊர்க் கதை எல்லாம் பேசிக்கொண்டே இருக்கிறாள்.